சீனர் ஏறிய உயரம்

எண்ணெய் பூசிக் காயவைத்த பட்டுக்கு ஒரு நாற்றம் உண்டு. அது எங்கள் வீட்டை விட்டுப் போகப் பல மாதங்கள் ஆயின. என் கணவர் நெய்த வெள்ளைப் பட்டை, சூடான புகையில் எழும்பி ஆளைச் சுமந்து பறக்கும் புகைக்கூண்டாகத் தைத்தவள் நான். தைக்கச் சொன்னவர் சென்னைத் துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்த ஒரு சீனர்.

ஆரணிக்கு வந்து எங்கள் தெருவிலேயே தங்கினார். நெய்த துணியை வாயில் வைத்து ஊதுவார். மறுபக்கம் காற்று வந்தால் தலையாட்டித் திருப்பித் தந்துவிடுவார். பறக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், “பறவைக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?” என்று சிரிப்பார். துறைமுகத்தில் கற்ற தமிழ்.

கோட்டை மைதானத்தில் முதல்முறை, கயிற்றில் கட்டியபடி கூரைகளுக்கு மேலே போய் நல்லபடியாக இறங்கினார். அதைக் கேள்விப்பட்ட ஊர்ப் பெரிய மனிதர், தம் விருந்தாளிகளுக்காகக் கயிறில்லாமல் பறந்துகாட்டச் சொன்னார்.

அன்று காற்று பலமாக இருந்தது. “சுத்திகினு அடிக்குதுங்க, இன்னிக்கி வேணாங்க” என்றார் என் கணவர். சீனரும் ஒப்புக்கொண்டு பட்டை மடிக்கத் தொடங்கினார். கூட்டம் கல்லெறிந்தது. பெரிய மனிதரின் ஆள் முன்னால் வந்து, “ஜல்தி ஏறு. இல்லாட்டி துணியக் கொளுத்திடுவோம்” என்றான். சீனர் பட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

காற்று அவரை எங்கள் தெருப்பக்கமே தள்ளியது. கூண்டின் அடியில் தீச்சட்டி எரிந்தபடி இருக்க, அது தாழ்ந்துகொண்டே வந்தது. கீழே முழுக்கக் கூரை வீடுகள், உள்ளே பிள்ளைகள். கத்திக்கொண்டே ஓடினோம். ஏதாவது ஒரு கூரையில் கூண்டை இறக்கி அவர் தப்பித்திருக்கலாம், தெரு எரிந்திருக்கும். அவரோ எரிக்க வைத்திருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளித் தீயில் போட்டார். கூண்டு எழும்பிக் கடைசி வீட்டைத் தாண்டியது. அப்போதுதான் பட்டு பற்றிக்கொண்டது. வறண்ட ஏரிக்குள் விழுந்தார்.

வேற்று நாட்டார் என்று சுடுகாட்டில் இடம் தரவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர் என்று எங்கள் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலும் மறுத்தார்கள். என் கணவரே ஏரிக்கரையில் குழி வெட்டினார்.

மழைக்காலம் முடிந்து அவர் மனைவி சென்னையிலிருந்து வந்தாள், தமிழ்ப்பெண். மண்மேட்டருகே அழாமல் நின்றாள்.

“மெய்யாலுமே பறந்தாராக்கா?”

“பறந்தாரும்மா.”

“எம்மாம் ஒசரம்?”

கரையில் நின்ற பனையின் உச்சியை நோக்கிக் கையை நீட்டினேன். என் கணவர் என் கையைப் பிடித்து, பனைக்கும் மேலே, வெறும் வானத்துக்கு உயர்த்தினார்.