உளுத்த பலாக்கட்டை தேவை

கடையில் பலகை விற்கும் விலைக்கு மரக்கரண்டி செதுக்கினால் கட்டுப்படியாகாது. கட்டை கிடைத்தால் நானே பிளந்துகொள்வேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு நண்பன், இன்னொரு கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பலா மரத்தை வெட்டினான். “கட்டையெல்லாம் நீயே எடுத்துக்கோ லா” என்றான். அவன் அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இன்று காலை வாசலில் ஆப்பு வைத்துப் பிளந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அவர் வேலியோரம் வந்து நின்றார்.

“தம்பி, இது நம்ம வீட்டு பலாவா?”

“ஆமா அங்கிள்.”

“உள்ள உளுத்துப் போச்சு, அதான் வெட்டிட்டேன்னு மகன் சொன்னான்.”

என் காலடியில் நான்கு துண்டுகள், மஞ்சளாக, ஒரு புழு ஓட்டைகூட இல்லாமல் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “நல்லதா பாத்து எடுத்தேன் அங்கிள். மத்ததெல்லாம் உளுத்ததுதான்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “அப்ப உளுத்ததுல ஒண்ணு எடுத்து வைப்பா. சாயந்திரம் வந்து பாக்குறேன்.”

மீதிக் கட்டைகளையும் பிளந்து பார்த்துவிட்டேன். எல்லாமே தங்கம் மாதிரி இருக்கின்றன.

செங், புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் யாரிடமாவது உளுத்த பலாக்கட்டை இருந்தால் சொல்லுங்கள். சாயந்திரத்துக்குள் வேண்டும்.