கரையில்லாத பாகை

கல்யாண மாப்பிள்ளைக்குத் தலையில் உருமால் கட்டுவதுதான் பள்ளிபாளையத்துக்காரர் சென்னிமலையின் வேலை. அவர் கட்டினால் பந்தி முடிகிறவரை அசையாது. இந்த ஆவணியில் போன மூன்று கல்யாணத்திலும் மாப்பிள்ளை தலையில் எலாஸ்டிக் வைத்த வாடகைத் தொப்பி உட்கார்ந்திருந்தது. மூன்று பந்தியிலும் அவர் கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அப்படி வெந்து கிடந்தவரைத்தான் சர்ச் நாடகத்துக்கு உஷாராணி டீச்சர் கூப்பிட்டார்.

"பைபிள்ல வர்ற பிரதான ஆசாரியர் ஆரோனோட தலைப்பாகைங்க. எபிரேயத்துல மிட்ஸ்நெஃபெத்னு பேரு. தைச்ச தொப்பி ஆகாது, சுத்தித்தான் கட்டோணும்."

"பேரு வாயில நுழையலீங்க. சுத்திக் கட்டோணும்னீங்க பாருங்க, அது போதும்."

நாடகத்தன்று துணி வந்தது. வெறும் வெள்ளை, கரையே இல்லை. ஆரோனாக நடிக்கும் மதன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அப்பா அன்பரசு, லாரி டிரைவர், எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். சென்னிமலையின் கை நின்றுவிட்டது. கரையில்லாத வெள்ளையைக் கருமாதி அன்று, அப்பனைப் பறிகொடுத்தவன் தலையில்தான் அவர் கட்டியிருக்கிறார்.

"அப்பன் இருக்கையில இதைக் கட்டமாட்டேனுங்க."

"நான்தானுங்க அப்பன். எனக்கு ஒண்ணும் ஆகாது, கட்டுங்க" என்றார் அன்பரசு.

"நாளைக்கு உங்க லாரி எங்கியாச்சும் மோதுச்சுன்னா என்ர கையைத்தானுங்க சொல்லுவாங்க. கரை வெச்ச துணி குடுங்க, கட்டறேன்."

"கரை வெச்சா கல்யாண மாப்பிள்ளையாட்ட இருக்கும். வேதத்துல வெறும் வெள்ளைச் சணல்நூல் துணிதான்" என்ற டீச்சர், வேறு வழியில்லாமல் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே எலாஸ்டிக் தொப்பி.

சென்னிமலை தொப்பியைப் புறங்கையால் ஒதுக்கித் தள்ளினார். திரை விலக அரை மணிதான் இருந்தது.

"ஏனுங்க அன்பரசு, உங்கப்பாரு இருக்காருங்களா?"

"போயிப் பன்னண்டு வருசமாச்சுங்க."

"அப்ப நீங்க வந்து உக்காருங்க."

"அவருக்கு ஒரு வசனமும் தெரியாதே" என்று டீச்சர் பதறினார்.

"மதன் பொறத்தால நின்னு சொல்லட்டும். இவரு வாயை அசைச்சாப் போதும்."

மகனுக்குத் தைத்த அங்கி அப்பனுக்கு முழங்காலோடு நின்றது. நெற்றியில் நீல நாடாவில் பொன்தகடு மட்டும் நேராக இருந்தது. மதன் பேசி முடித்தபிறகே அன்பரசு வாயைத் திறந்தார். மண்டபமே சிரித்தது. தூபம் காட்டக் குனிந்தவர் கால் இடறி விழப்போனார். பாகை இம்மியும் நகரவில்லை. அதை ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் சென்னிமலைக்கு ஆத்திரம்.

"மானத்தை வாங்கிட்டீங்க. அடுத்த வருசம் தொப்பிதானுங்க" என்றார் டீச்சர்.

சென்னிமலை துணியை அவிழ்த்து மடித்தார்.

"அடுத்த வருசம் அப்பன் இல்லாதவனாப் பாத்து வேசம் குடுங்க. நான் வந்து கட்டறேன்."