பவளத்தின் மூன்றாவது குட்டி

என் அக்கா புருஷன் பிராங்கிளினை ராயபுரத்தில் ‘குதிரை’ என்று சொன்னால்தான் தெரியும். வீட்டில் எல்லாரும் ஹார்பர் வேலைக்குப் போக, மாமா மட்டும் கிண்டிக்கு ரேஸ் குதிரை தேய்க்கப் போனார். கல்யாண நாள் மறந்துபோகும். அவர் தேய்த்த குதிரை பவளம் ஜெயித்த ஒன்பது ரேஸின் தேதியும் மனப்பாடம்.

ரேஸில் அவள் பெயர் கோரல் குயின். பவளம் என்பது மாமா வைத்தது. கால் நரம்பு போனதும், முதலாளி ரகுபதி அவளைக் குட்டி போடுவதற்கென்று மணலி புதுநகரில் தன் லாரி ஷெட்டுக்குப் பின்னால் கட்டினார். மாமாவும் கூடவே போனார். பால் மறந்ததும் முதல் இரண்டு குட்டிகளையும் வெளியூருக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு தடவையும் பவளம் நாலு நாள் தின்னாமல் கேட்டைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தாள். மாமாவும் சோற்றைத் தொடவில்லை. அக்கா திட்டித் தீர்த்தாள்.

மூன்றாவது குட்டி, போன டிசம்பர் முப்பத்தொன்று மதியம் பிறந்தது. ரேஸ் குதிரை எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி ஒன்றில் அதற்கு ஒரு வயது ஏறிவிடும். அதாவது இந்தக் குட்டிக்கு விடிந்தால் ஒரு வயது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்ததுகளோடு ஓடி எங்கே ஜெயிக்க?

ரகுபதி போனில், “யாருகிட்டயும் சொல்லாத. நாளைக்குப் பொறந்ததா எழுதிக்கலாம்” என்றார்.

“சரிங்க மொதலாளி” என்ற மாமா, நேராகக் கோயிலுக்குப் போய் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வருஷக் கடைசி நன்றி வழிபாட்டில் ஃபாதர் அதை மைக்கில் வாசித்தார்: “இன்று மதியம் பவளம் என்ற குதிரை நலமாகக் குட்டி ஈன்றதற்காக, பிராங்கிளின் குடும்பத்தார் நன்றி கூறுகிறார்கள்.”

கோயிலே சிரித்தது. ரகுபதியின் டிரைவர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். இனி எந்தத் தேதியை மாற்றுவது?

மறுநாள் ரகுபதி ஷெட்டுக்கே வந்து கத்தினார். “ரேசுக்கு ஒதவாதத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே கட்டிக்கினு அழு.”

அவர் போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். “இருவது வருசமா குதிரயோட கீற. இதுகூடவா மறந்து போச்சி?”

மாமா குட்டியின் முதுகைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மறக்கல சில்வியா. ரெண்ட வித்தாங்க. இத எவனும் வாங்க மாட்டான்.”

எனக்கு அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கேட் திறந்தே கிடந்தது. பவளம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.