மலையேறிய தீர்ப்பு

தாடிங்கின் வீடு நிலப்பிளவின் மேலேயே இருந்தது. கூடம் ஒரு பக்கம், சமையலறை மறு பக்கம். சமையலறை வருஷா வருஷம் ஒரு விரல் அளவு வடக்கே நகரும். கதவு சிக்கும். தாடிங் அலுத்துக்கொள்ளாமல் இழைப்புளியை எடுத்துச் சீவுவாள். லெய்த்தே தீவின் தெற்கே இருந்த அந்தக் கடலோர ஊரில் இதற்கெல்லாம் யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. பூமி குலுங்கினால் சோற்றுத்தட்டைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். அவ்வளவு தெனாவட்டு!

பகலில் அவள் சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழம் விற்பாள். சாயங்காலம் கூடைப்பந்துத் திடலில் நடுவர். பொம்பளை விசில் ஊதுவதா என்று குதித்தவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் கிறிசாந்தோ. ஊரில் மலைப்பக்கம், கடற்பக்கம் என்று இரண்டு அணி; அவன் மலைப்பக்க அணிக்குப் பயிற்சியாளன் வேறு. திருவிழா இறுதி ஆட்டத்தை ஊர் அவளிடம் ஒப்படைத்தபோது அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஒரு தப்பு பண்ணு, அப்புறம் இந்தத் திடல் பக்கமே நீ வர முடியாது."

"நீ வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு. தப்பு யாரு பண்றான்னு தெரியும்."

ஆட்டத்தன்று ஊரே திடலில் கூடியது. பரிசுப் பன்றி ஓரத்தில் கட்டிக் கிடந்தது. மலைப்பக்கம் ஒரே ஒரு புள்ளி முன்னால். கடைசி நொடியில் கடற்பக்கத்து ரோமேல் பந்தை எறிந்தான். அது வளைய விளிம்பில் ஏறிச் சுற்றியது. அந்த நேரம் பார்த்தா பூமி ஆட வேண்டும்! பந்து பொத்தென்று உள்ளே விழுந்தது.

அடேயப்பா, பிடித்தது சண்டை!

"பூமி தள்ளிவிட்டுச்சுய்யா! செல்லாது!"

"ஏன், பூமி எங்க மாமனா? எல்லாருக்கும் பொதுதானே ஆடுச்சு!"

தாடிங் கீழே பார்த்தாள். பூமியின் ஆட்டம் நிற்கவில்லை. ஊர்ப் பிளவு என்றால் வெடுக்கென்று ஒரு இழுப்பு, அதோடு சரி. இதுவோ படகில் நிற்பதுபோல் நீளமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. கிழக்கே கடலுக்கடியில் கிடக்கும் பெரும்பள்ளம்தான் அசைகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளம் அசைந்தால் கடல் எழுந்து வரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஆடி ஆடிப் பழகிப்போன கால்களுக்கு எது எந்த ஆட்டம் என்று உறைக்கவில்லை.

"கடல் வருது! மேல ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"முதல்ல தீர்ப்பைச் சொல்லுக்கா! கடலை அப்புறம் பாத்துக்கலாம்!"

"புருஷனைக் காப்பாத்த நழுவுறா, விடாதீங்க!"

பாவிகள்! இடுப்பில் குழந்தையோடு நின்று கத்துகிறார்களே! தாடிங் பாய்ந்து பந்தைத் தூக்கினாள்.

"தீர்ப்பு மலைமேல, மாதாகோயில் வாசல்ல! எந்தப் பக்கத்துல ஒரு ஆள் குறையுதோ அந்தப் பக்கம் தோத்துச்சு!"

சொல்லிவிட்டு எடுத்தாள் ஓட்டம். ஒரு கணம் திகைத்த ஊர், மறுகணம் அலறியது. "டேய், மாமாவைத் தூக்குடா!" "அந்த வீட்டுல ரெண்டு பேர் படுத்திருக்காங்க, இழுத்துட்டு வா!" நாற்காலியோடு நோயாளிகளைத் தூக்கினார்கள். அவரவர் பக்கத்தை வீடு வீடாகத் துழாவினார்கள். பன்றியைக்கூட விட்டுவிட்டு வரவில்லை.

கோயில் வாசலில் தலைகளை எண்ணினார்கள். மலைப்பக்கம், பின்னால் வருவான் என்று கிறிசாந்தோவையும் சேர்த்து எண்ணியதில், முழுசாக இருந்தது. கடற்பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தது. ரோமேலின் கால் வராத அம்மா! அக்கா தூக்கி வருவாள் என்று ரோமேலும், தம்பி தூக்கி வருவான் என்று அக்காவும் நினைத்திருந்தார்கள். கீழே கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. ரோமேல் அலறிக்கொண்டு இறங்கப் பாய்ந்தான்.

பாதையில் ஒரு தலை தெரிந்தது. கிறிசாந்தோ! முதுகில் ரோமேலின் அம்மா.

"உங்கம்மா என்னத்தைடா தின்னுது? இந்தக் கனம் கனக்குது!" என்று இறக்கிவிட்டுச் சரிந்து உட்கார்ந்தான்.

கடல் வந்தது. திடல் மேல் ஏறி, வளையக் கம்பத்தைச் சாய்த்து, கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. தாடிங் பந்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வெகுநேரம் கழித்து ஒருவன் மெல்லக் கேட்டான். "அக்கா, அந்தப் பந்து?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "கையை விட்ட பிறகுதான் பூமி ஆடுச்சு. செல்லும். கடற்பக்கம் ஜெயிச்சுது."

மலைப்பக்கத்தார் எல்லாரும் கிறிசாந்தோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ரோமேலின் அம்மாவைப் பார்த்தான்.

"செல்லட்டும். ஆள் குறையலையே" என்றான்.