பேர் சொல்லாதவர்

இதைப் படித்ததும் "நல்லா கதை விடுறாளே" என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது எனக்கு நடந்தது. என் தம்பிக்கு நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆம்புலன்ஸ் ஆபீஸில் போன் எடுக்கிறவள். சின்ன ஊர். இரண்டு வண்டி, ஒரே அறை. அறையில் இரண்டு மேஜை. ஒன்றில் நான். இன்னொன்று காலி. வேலைக்குச் சேர்ந்த அன்றே "இந்த இடத்துக்கு ஆள் போடுவீங்களா சார்?" என்று கேட்டேன். "போடுவோம், போடுவோம்" என்றார் சூப்பர்வைசர். இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அதுவரைக்கும் என் பையும் குடையும்தான் அந்த நாற்காலியில் டியூட்டி பார்த்தன.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் போன் வர ஆரம்பித்தது. தொண்டை கட்டிய, கிசுகிசுப்பான குரல். "தையல் கடை மாடிப்படி. ஒரு அம்மா விழுந்து கிடக்காங்க. மூச்சு இருக்கு. சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான். "உங்க பேர் சொல்லுங்க" என்றால் லைன் கட். திரையில் நம்பர் வராது. வண்டி போனால், சொன்ன இடத்தில் சொன்னபடி ஆள் கிடப்பார். போன் செய்தவர் மட்டும் அங்கே இருக்க மாட்டார். இப்படி எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

ஊரே அந்த ஆளைத் தேடியது. மளிகைக் கடைக்காரர் தன் கடை வாசலில் 'பேர் சொல்லாதவருக்கு நன்றி' என்று பலகை மாட்டினார். போஸ்ட்மேன்தான் என்றது ஒரு கூட்டம். பால்காரர் என்றது இன்னொரு கூட்டம். போஸ்ட்மேன் இல்லவே இல்லை என்று மறுத்துப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. அப்புறம் டீ ஓசியில் கிடைக்கிறது என்று மறுப்பதை நிறுத்திவிட்டார். எப்படியோ, அது ஆம்பளைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எதை வைத்து என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு என் தம்பி காணாமல் போனான்.

அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே ஆள். வீட்டுக்குள் நுழைந்தால் ஐந்து நிமிடம் எங்களால் சண்டை போடாமல் இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எந்தக் கடைக்கும் போய்ச் சேரவில்லை. போன் அணைந்திருந்தது. அவன் வழக்கமாகப் போகிற சாலை முழுக்கப் போலீஸ் தேடியது. வேனும் இல்லை, அவனும் இல்லை. புதன்கிழமையும் விடாமல் மழை.

"வீட்டுக்குப் போய்ப் படும்மா. நாங்க பாத்துக்குறோம்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன். நான் போகவில்லை. வீட்டில் போய் என்ன செய்வேன்? அந்தக் குரல் ஊரில் யாரையும் கைவிட்டதில்லை. என் தம்பியையும் கைவிடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன் பக்கத்திலேயே கிடந்தேன்.

புதன் மாலை 4.10. போன் அடித்தது.

"ரொட்டி வேன். டிரைவர் பையன். மூச்சு இருக்கு..."

கத்திவிட்டேன். "ஐயோ, என் தம்பிங்க! எங்க? எங்க இருக்கான்? சொல்லுங்க!" தினமும் எத்தனை பேரிடம் 'பதறாம மெதுவா சொல்லுங்க' என்று சொல்கிறவள் நான்! அந்தக் குரல் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. என் கூச்சல் அதை விழுங்கிவிட்டது. ஒரு இருமல். கட்.

கம்ப்யூட்டரில் பதிவைப் போட்டுக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். இடம் சொல்கிற நேரத்தில் என் ஓலம்தான் இருந்தது. கடைசி இரண்டு வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி ஏறுது."

மறுபடி அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. ஒரே ஆளுக்காக அந்தக் குரல் இரண்டாம் முறை கூப்பிட்டதே கிடையாது. அப்படியென்றால் நான்தான் போய் அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். என் தம்பி எங்கே என்று தெரிந்த ஒரே மனுஷன் அவன். ஊர் விளையாட்டாகத் தேடிய ஆளை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேடினேன்.

சூப்பர்வைசர் என் இடத்தில் உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். அந்தக் குரலால் பிழைத்தவர்களைக் கேட்கப் போனோம். முதலில், மாடிப்படியில் விழுந்த தையல்கார அம்மா வீடு.

"யாரையும் பாக்கலம்மா. காதுக்குள்ள ஒரு குரல் மட்டும் கேட்டுச்சு. தூங்காதீங்க, வண்டி வந்துட்டிருக்குன்னு."

அடுத்தது ரிடையர்டு வாத்தியார். குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போது டிரைவர் அண்ணன் என் காதில் சொன்னார். "அன்னிக்கு நான்தாம்மா கதவை உடைச்சேன். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்துச்சு. இவர் ஒண்டிக்கட்டை. இவர் விழுந்தது வெளிய யாருக்குத் தெரியும்?"

வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னம்மா என்கிட்ட வந்து கேக்குற? அன்னிக்கு என் காதுல பேசினது உன் ஆபீஸ் ஆளுதானே?"

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"பின்னால போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சே. பாவம், யாருமே எடுக்கல."

அண்ணனிடம் வண்டியை ஆபீஸுக்கே திருப்பச் சொன்னேன்.

6.20க்கு ஆபீஸில் என்னை இறக்கிவிட்டு, அண்ணன் தேடக் கிளம்பினார். சூப்பர்வைசர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அறையில் நான் மட்டும். வெளியே மழை. இருட்டத் தொடங்கியிருந்தது.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். இந்த முறை குரலைக் கேட்கவில்லை. குரலுக்குப் பின்னால் கேட்டேன்.

போன் அடித்தது. எங்கோ தூரத்தில். எங்கள் போனின் அதே மணி.

அடுத்த பதிவு. அதிலும் அடித்தது. எல்லாவற்றிலும் அடித்தது. அதோடு இன்னொரு சத்தம்... கிறீச்... கிறீச்...

நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே மின்விசிறி. கிறீச்... கிறீச்...

பதிவில் 'களக்' என்றது. மூலையில் இருக்கும் தண்ணீர்க் கேனில் குமிழ் வரும் சத்தம்.

என் மைக்கில் விழுந்த சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி கேட்டேன். நான் பேசும்போது அந்தச் சத்தங்கள் இல்லை. அந்தக் குரல் பேசும்போது மட்டும்...

ஹெட்செட்டைக் கழற்றினேன்.

"நீங்க... இங்கதான் இருக்கீங்களா?"

மழைச் சத்தம் மட்டும்.

எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் தண்ணி ஏறுது... தண்ணி ஏறுது... கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"நான் கத்தினது தப்புங்க. இனிமே கத்த மாட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு வேற யாருமில்லைங்க..."

கிறீச்...

இது மின்விசிறி இல்லை.

காலி நாற்காலி. தானாகத் திரும்பியது... என் பக்கம்.

என் பை கீழே விழுந்தது.

மேஜை மேல் பழைய ஹெட்செட். அதன் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் செருகவில்லை.

மணி 6.52.

எடுத்தேன். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி.

மாட்டினேன்.

ஒன்றுமில்லை.

பிறகு...

மூச்சு.

விட்டு விட்டு... மூக்கடைத்த மூச்சு. சின்ன வயதிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு!

தண்ணீர் சலசலத்தது. அதற்கு மேலே...

டடக்... டடக்.

ஊர்ச் சாலைகளை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர்கள் பேசும்போது பின்னால் எல்லாம் கேட்கும். வாய்க்கால் பாலத்தில் பள்ளத்தை மூட ஒரு இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். வண்டி ஏறி இறங்கினால் டடக், டடக். வேறெங்கும் அந்தச் சத்தம் கிடையாது. ஆனால் அது தம்பி போகிற வழியே இல்லை.

செல்போனில் கூப்பிட்டேன். "அண்ணே, தகடு பாலம்! பாலத்துக்குக் கீழ பாருங்க!"

"யாரும்மா சொன்னாங்க?"

"போங்கண்ணே!"

அந்த ஹெட்செட்டை நான் கழற்றவில்லை. மூச்சு கேட்டது. நின்றது. எனக்கும் நின்றது. மறுபடி கேட்டது. தண்ணீருக்குள் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். பிறகு டிரைவர் அண்ணனின் குரல்... செல்போனில் இல்லை, எதிலும் செருகாத அந்த ஹெட்செட்டில்...

"இருக்கான்ம்மா! உசுரோட இருக்கான்!"

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அது ஹெட்செட்டில் கேட்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

அன்று சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் தம்பி பாலத்து வழியாகத் திரும்பியிருக்கிறான். வேன் நாணலுக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் அவன் உதடு வரைக்கும் வந்துவிட்டதாம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கண் திறக்கவில்லை. நான் ஞாயிறு வரைக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன்.

அவனைப் பார்க்க வந்த சூப்பர்வைசரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "சார், அந்தச் சீட்ல யார் இருந்தாங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு அம்மா. வீசிங் உண்டு. ஒரு நாள் வண்டி ரெண்டும் வெளிய போயிருந்தப்ப மூச்சுத் திணறல் வந்திருக்கு. நாங்க திரும்பி வந்தப்ப சீட்லயே... போன் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தது. அந்த மேஜை லைனை அப்பவே எடுத்துட்டோம்மா."

ஆம்புலன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட ஆளில்லை. அவளுக்காக அழுதேன். ஊருக்கே உதவி செய்த ஆளைத் தெரிந்துகொண்டேன், நன்றி சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது என்றும் நினைத்தேன்.

நேற்று சனிக்கிழமை. தம்பி கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று கேட்டான்.

"அக்கா, உன் ஆபீஸ்ல அந்த அம்மா யாரு?"

"எந்த... எந்த அம்மா?"

"வேன்ல கிடந்தப்ப என்னைத் தூங்கவே விடலக்கா. காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்தாங்க. பாதி நேரம் உன்னைப் பத்திதான்."

"என்ன சொன்னாங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

"ரெண்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்காங்களாம். நீ ஒரு தடவைகூட அவங்க மூஞ்சியப் பாக்கலையாம். வருத்தமா சொன்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க. 'பரவாயில்ல, லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வருவா. அன்னிக்குப் பாத்துடுவா'ன்னாங்க."

அவன் வேனில் கிடந்தபோது நான் லீவே போடவில்லை. லீவு எழுதிக் கொடுத்தது அவன் கிடைத்த பிறகு.

நாளைக்குத் திங்கட்கிழமை.