ஹோன் அடிக்காத வெள்ளிக்கிழமை

எங்கள் குறுக்கு வீதி பிரதான வீதியைத் தொடும் சந்தியில் ஒரு கடைச் சுவர் நிற்கிறது. கல்முனைப் பக்கமிருந்து வரும் வாகனம் அந்தச் சுவரைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். நின்று பார்த்துத்தான் ஏற வேண்டும் என்பது லைசன் எடுத்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் யார் நிற்கிறார்கள்? பஸ்காரனும் ஓட்டோக்காரனும் ஹோனை அமுக்கிக்கொண்டேதான் அவ்விடத்தைக் கடப்பார்கள். சத்தம் கேட்டால் நிற்போம், கேட்காவிட்டால் ஏறுவோம். கண்ணை வைத்துக்கொண்டு காதால் கார் ஓட்டுகிற ஆட்கள் நாங்கள்.

சந்திக்கு நேரெதிரே பள்ளிவாசல். அந்த வெள்ளிக்கிழமை சட்டைக்கு அயன் பிடித்ததில் சுணங்கிவிட்டேன். ஜும்மாத் தொழுகைக்கு முந்திய குத்பாப் பிரசங்கம் தொடங்கி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. காரை விரட்டினேன். சந்தியில் எந்த ஹோனும் கேட்கவில்லை. நிற்காமலே ஏறினேன்.

மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும், நெற்றியில் திருநீறு பூசிய தமிழ்த் தம்பி ஒருவர் என் பம்பரில் அடிபட்டு விழுந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன் தருபவர். பெட்டி உடைந்து சூரை மீன் றோட்டெல்லாம் சிதறியது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் என் வெள்ளைச் சட்டையில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைத்துத்தான் பொலிஸ்காரர் விசாரித்தார்.

“நீங்க சந்தியில நிண்டா ஏறின?”

“ஓம் சேர். இவர்தான் ஹோன் அடிக்காம வந்த.”

அவர் கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தார். “ஹோன் அடிச்சயா?”

“இல்ல சேர், அடிக்கல்ல.”

பிழை தம்பியின் பேரில் எழுதப்பட்டது. நான் கையெழுத்து வைத்தேன்.

ஒரு கிழமை கழித்து தோடம்பழமும் பால்மாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கால் முழுக்க மாக்கட்டு. வெட்கமில்லாமல் நானே கேட்டேன்: “என்னத்துக்கு தம்பி ஹோன் அடிக்காம வந்தீங்க?”

“குத்பா ஓதுற நேரம்தானே நானா,” என்று எங்கள் முறையில் அண்ணனாக்கிச் சொன்னார். “எந்த வெள்ளியும் பள்ளிக்கு முன்னால நான் அடிக்கிறல்ல.”

பொலிசிடம் அதை அவர் சொல்லவேயில்லை. அவருடைய மனைவி தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். நான் நிற்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, சுகமாக வேண்டும் என்று துஆச் செய்வதாகச் சொல்லி எழும்பி வந்தேன்.

நாலைந்து மாதங்களில் அவர் மறுபடி மீன் விற்க வந்தார். அடுத்த வெள்ளி நான் நேரத்தோடு பள்ளிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். குத்பா நடுவில் வெளியே ஹோன் கேட்டது; ஜன்னலால் பார்த்தால் அந்த மீன்காரத் தம்பி. சுவர் தொடங்கும் இடத்திலிருந்து சந்தி முடியும்வரை விடாமல் அடித்துக்கொண்டே போனார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குத்பா நேரத்தில் கதைக்கக்கூடாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும்போது பக்கத்து வீட்டுக்காரர் பொரிந்தார்: “அந்த மீன்காரன் பள்ளிக்கு முன்னால அடிச்ச அடியப் பாத்தீங்களா? கொஞ்சமும் மரியாத தெரியாதவன்.”

என் முகத்தைப் பார்த்து நின்றார்.

“ஓம்,” என்றேன்.