பச்சை விளக்குப் பெட்டி

என் தங்கை புருஷனுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை ஒரு வெள்ளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் அது கத்தும், பச்சை விளக்கு எரியும். மூடியைத் திறந்தால் அடங்கிவிடும். திறந்த விவரம் கம்ப்யூட்டரில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை தங்கை பெட்டியை முந்தானையில் மூடி, சிக்னல் எட்டுகிற பாறை மேட்டுக்குத் தூக்கிப் போய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொண்டு வருவாள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வான், விட்டு விட்டுச் சாப்பிட்டால் நோய் மாத்திரைக்கு அடங்காது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். மழையில் ஜீப் வராது என்பதால் இரண்டு மாதத்து மாத்திரையைச் சேர்த்தே கொடுத்தார்.

அந்த வருஷம் சாமை கைக்கு வரவில்லை. நான் ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை. லாரி கிளீனர், கோழிப்பண்ணை, குடகில் காப்பித் தோட்டம் என்று எங்காவது கிளம்பிவிடுவேன். அந்த முறை மச்சானும் வந்தான். இருமல் குறைந்திருந்தது. பெட்டியைக் கொண்டுபோக முடியாது. தோட்டத்து லைன் வீட்டில் அத்தனை பேர் நடுவில் அது கத்தினால் மேஸ்திரி அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவான். மாத்திரைகளைத் துணிக்கடைக் கவரில் சுருட்டிக்கொண்டான். ஜீப் ஏறும்போது தங்கையிடம், "பொட்டியக் கத்த வுடாத, பாத்துக்க" என்றான்.

அந்த மாத்திரை போட்டால் மூத்திரம் சிவந்து போகும். காப்பிச் செடி ஓரம் ஒதுங்கியவனைப் பார்த்து எங்களோடு வந்த ஒருவன், "இன்னாண்ணா, ஆரத்தி கரைச்சி ஊத்துறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். அதற்குப் பிறகு நினைத்தால் போடுவான், பல நாள் கவரையே தொடமாட்டான். நான் கேட்டதற்கு, "ஒடம்பு நல்லாத்தான் கீது மச்சான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஒன்னியும் சேத்துத் தொரத்துவான்" என்றான். அதுவும் உண்மைதான்.

பறிப்பு முடிந்து திரும்பும்போது அவனுக்கு எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. சளியில் ரத்தம் வந்தது. மூவரும் கீழே போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், அதட்டாமல் பேசினார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாகப் பச்சை, ஒரு நாள்கூட விடவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு நோய் எப்படி முற்றியது என்று தனக்கே புரியவில்லை என்றார்.

தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான்தாங்க தொறந்தேன். அது கத்துறப்ப அங்க அவரும் மாத்திரை போட்டுக்குவாருன்னு நெனச்சிக்குவேன். தொறந்து மூடிட்டுத்தான் அடுப்பே பத்த வெப்பேன்."

டாக்டர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சான் இருமி முடித்துவிட்டு, "பொட்டிக்கு நோவு தீந்துடுச்சி சார்" என்றான்.

பழைய மாத்திரை இனி கேட்காது என்றார்கள். புதியது நிறைய, விழுங்க வேண்டிய மாதங்களும் அதிகம். அதற்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். மச்சான் காலையில் விழுங்குவான், சற்று நேரத்தில் வாந்தி எடுப்பான். காது வேறு இரைகிறது என்றான். கஞ்சியும் இறங்கவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது. வேலைக்கு வரச்சொல்லி ஆள் வந்ததும் பையைக் கட்டினேன்.

கிளம்புகிற காலையில் பெட்டி கத்தியது. தங்கை திறந்தாள். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"போதும், மூடிடு."

அவள் நீட்டிய கையை மடக்கினாள். பிறகு மாத்திரைகளை உள்ளேயே போட்டு மூடினாள். விளக்கு அணைந்திருந்தது. அன்றைக்குப் பாறை மேட்டுக்குப் போகிற நாள். பெட்டியை முந்தானையில் மூடிக்கொண்டு நடந்தாள். ஜீப் நிற்கும் இடமும் அந்த வழிதான். நானும் பின்னால் போனேன்.